ஓடை நண்டு, ஆற்று இறால், கிரேபிஷ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நண்டு, இறால் பிடிப்பதையும் சமைப்பதையும் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மெல்பேர்னில் இருக்கும் மகன், குளத்தில் பிடித்த "யாபி" என்று ஒரு படம் அனுப்பினான். இறாலின் உடம்பு, நண்டின் கொடுக்கு. எங்கள் ஆற்றிலும் சின்ன வயதில் இப்படி ஒன்றைப் பார்த்த ஞாபகம். இரண்டும் ஒன்றா?
– வாசகி, கினிகத்தேனை

ஒன்றல்ல. மகன் பிடித்தது நன்னீர்க் கிரேபிஷ். இலங்கை ஆறுகளுக்கு அது சொந்தமான உயிர் அல்ல; இந்தியாவுக்கும் அல்ல. அவுஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பா, மடகஸ்கார் ஆகிய இடங்களில் இயற்கையாகவே உண்டு. நீங்கள் பார்த்தது கை நீண்ட ஆற்று இறாலாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த முறை கையில் கிடைத்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது கை. கிரேபிஷுக்கு முதல் சோடிக் கால்தான் பெரிய கொடுக்கு. குட்டையாக, தடிப்பாக இருக்கும். ஆற்று இறாலுக்கு இரண்டாவது சோடிக் கால்தான் நீளும். குச்சிபோல மெலிந்து நுனியில் சின்னக் கவ்வி இருக்கும். இரண்டாவது வால். வால் வளையங்களை முன்னிருந்து எண்ணுங்கள். இரண்டாவது வளையத்தின் பக்க ஓடு முன்னால் உள்ளதன் மேலும் பின்னால் உள்ளதன் மேலும் படிந்திருந்தால் அது ஆற்று இறால். கிரேபிஷுக்கு அந்த ஓடுகள் கூரை ஓடு அடுக்கியதுபோல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

முன்பு இருந்த இறால் இப்போது மேலே குறைந்ததற்கு அணைகளும் ஒரு காரணம். பெரிய ஆற்று இறாலின் குஞ்சு, உப்புக் கலந்த கழிமுக நீரில்தான் வளரும். வளர்ந்த பிறகு ஆற்றோடு மேலேறி வரும். நடுவில் அணை வந்தால் அந்தப் பயணம் அத்தோடு முடிந்தது.

மகனிடம் ஒன்று சொல்லி வையுங்கள். "ஒபரா ஹவுஸ்" என்று அங்கே சொல்லும் மூடிய வலைக்கூடு விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜூலை முதல் தடை. அதற்குள் நுழையும் பிளாட்டிபஸ் (நீரில் நீந்தி இரை தேடும் அவுஸ்திரேலியப் பாலூட்டி) மூச்சு வாங்க மேலே வர முடியாமல் செத்துப்போகும். மேல்பக்கம் திறந்த வலையைத்தான் அங்கே பயன்படுத்த வேண்டும்.

தோட்டத்து ஓடையில் நண்டு நிறைய உண்டு. தண்ணீர்க் கேனை வெட்டிக் கூடு வைத்தோம். சில நாள் ஒன்றும் விழுவதில்லை. விழுந்தாலும் விடிய எடுக்கும்போது பாதி செத்துக் கிடக்கிறது. எங்கே பிழை?
– வாசகர், புசல்லாவை

விழாததற்குக் காரணம் பெரும்பாலும் கூட்டின் வாய் பார்க்கும் திசை. நண்டு கண்ணைவிட வாசனையை நம்பித்தான் இரைக்கு வரும். வாசனை தண்ணீரோடு கீழே போகும். நண்டு அதைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே நடந்து வரும். ஆகவே கூட்டின் வாய் நீர் ஓடிப்போகும் பக்கம் பார்க்க வேண்டும். வாயை மேல்பக்கம் வைத்தால் நண்டு கூட்டின் அடிப்பக்கத்தைச் சுரண்டிவிட்டுப் போய்விடும்.

சாவதற்குக் காரணம் மூச்சு. மலை நண்டு தண்ணீரிலும் மூச்சு விடும், ஈரமான காற்றிலும் விடும். முழுக்க மூழ்கிய கேனுக்குள் பத்து நண்டும் அழுகும் இரையும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் ஒட்சிசன் தீர்ந்துபோகும். எனவே கேனில் கால்வாசி தண்ணீருக்கு மேலே நிற்கும்படி சாய்த்து வையுங்கள்.

5 லீற்றர் கேனின் மேல் மூன்றிலொரு பங்கை வெட்டி, வாயை 5 சென்றிமீற்றர் அகலமாக்கி, தலைகீழாக உள்ளே செருகி நான்கு இடத்தில் கம்பியால் தைக்க வேண்டும். சுற்றிலும் சின்ன விரல் அளவுக்கு இருபது முப்பது துளைகள் வேண்டும். ஆணியைச் சூடாக்கிக் குத்தினால் பிளாஸ்டிக் வெடிக்காது. உள்ளே ஒரு கல்லைப் போடுங்கள். இரைக்குக் கோழித் தோல், மீன் தலை, சுட்ட கருவாடு எதுவும் சரி; ஆனால் நுளம்பு வலைத் துண்டில் முடிந்து கட்டுங்கள். கட்டாத இரையை முதலில் வரும் நண்டே தின்று தீர்த்துவிடும், பிறகு வருவதற்கு வாசனை மிஞ்சாது. பொழுது சாயும்போது வைத்து விடியும்போது எடுங்கள். இரண்டு இரவு விடக் கூடாது. அடைபட்ட நண்டுகள் ஒன்றையொன்று கடித்துக் கால்களை முறித்துவிடும். புதிதாகத் தோல் கழற்றிய மெத்தை நண்டு இருந்தால் அதுதான் முதலில் போகும்.

கூடே இல்லாமலும் பிடிக்கலாம். முழ நீளக் குச்சியில் நூல் கட்டி, நுனியில் கோழிக் கழுத்தைத் தொங்கவிட்டு, கல் இடுக்கில் இறக்குங்கள். தூண்டில் முள் வேண்டாம். கவ்வியதும் வெடுக்கென்று இழுத்தால் விட்டுவிடும். மெதுவாகத் தூக்கி, தண்ணீரை விட்டு வெளியே வருவதற்குள் அடியில் ஒரு பெரிய வடிகட்டியைக் கொடுக்க வேண்டும். கையால் எடுக்கும்போது பின்பக்கமாக, கட்டைவிரல் வயிற்றிலும் ஆட்காட்டி விரல் ஓட்டின் பின் விளிம்பிலும் வரப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. பிடித்ததை வாளித் தண்ணீரில் போடாமல், நனைத்த உரச் சாக்கும் புல்லும் போட்ட கூடையில் வையுங்கள். நிற்கும் தண்ணீரில் ஒரு மணி நேரத்திலேயே மயங்கத் தொடங்கும். புரட்டிய கல்லைப் பழையபடி கவிழ்த்து வைக்க மறக்காதீர்கள். அதன் அடிப்பக்கம்தான் மற்ற நண்டுகளுக்கும் வீடு.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் நாம் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கிறோம். கடல் நண்டு இலட்சக்கணக்கில் முட்டையிடும், குஞ்சு நீரோட்டத்தில் பரவும். மலை நண்டு அப்படியல்ல. பெரிய முட்டைகளாகக் கொஞ்சம்தான் இடும். பொரிந்த குஞ்சு சின்ன நண்டாகவே வெளிவந்து தாயின் வயிற்று மடலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பள்ளத்தாக்கின் நண்டு அடுத்த பள்ளத்தாக்குக்கு எளிதில் போகாது. இதனால்தான் இந்தச் சின்னத் தீவில் 50க்கு மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் இருக்கின்றன, ஏறத்தாழ எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றில் மிகப் பல அழியும் நிலையில் உள்ளவை. ஓர் ஓடையைத் துடைத்தெடுத்தால் அதை நிரப்ப வேறிடத்திலிருந்து நண்டு வராது.

ஆகவே வயல், வாய்க்கால், பெரிய கான் ஓரம், கீழ்ப்பக்கத்து ஆறு ஆகிய இடங்களில் தாராளமாகத் திரியும் நண்டை மட்டும் எடுங்கள். காட்டோரத்து ஊற்று, அருவிக் கரை, மேல்மலைப் பள்ளம் ஆகியவற்றில் உள்ளதைத் தொடாதீர்கள். ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் எந்த உயிரையும் பிடிக்கச் சட்டமே இடம் தராது. வயிற்று மடலைப் பாருங்கள்: ஒடுங்கிய முக்கோணம் ஆண், அகன்று வட்டமானது பெண். பெண்ணின் மடல் பிதுங்கி நின்றால் உள்ளே முட்டையோ குஞ்சோ உண்டு. எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கை காலில் வெட்டு, வெடிப்பு இருக்கும்போது ஓடையில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அதன் வழியாக வரக்கூடும். தொடர்ந்து வயலிலும் ஓடையிலும் இறங்குபவர்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். இறங்கி வந்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினால் நண்டு, மீன் எல்லாம் மேலே வரும் என்று பொடியன்கள் செய்கிறார்கள். கெடுதலா?
– வாசகர், லிந்துலை

பெருங்கெடுதல். அந்த ஓடையின் கீழே யாரோ ஒருவர் தண்ணீர் எடுக்கும் பீலி இருக்கிறது. செவுள் வெந்து மேலே வருவதைத்தான் அவர்கள் "பிடிப்பது" என்கிறார்கள். குஞ்சு, பூச்சி, மீன் எதுவும் மிஞ்சாது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டப்படி நஞ்சும் வெடியும் குற்றம். வீட்டுக்காரர்களிடம் சொல்லி இன்றே நிறுத்துங்கள்.

அம்மா நண்டை அம்மியில் பச்சையாகவே இடித்துச் சாறு எடுத்து ரசம் வைப்பார். இப்போது சிலர் அது கூடாது என்கிறார்கள். சரியான முறையும் அளவும் சொல்லுங்கள்.
– வாசகி, நாவலப்பிட்டி

கூடாது என்பவர்கள் சொல்வது சரி. நன்னீர் நண்டு, கிரேபிஷ் இரண்டின் தசையிலும் செவுளிலும் நுரையீரல் தட்டைப்புழுவின் கூடுகள் இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போனால் குடலைத் துளைத்து நுரையீரலுக்குப் போகும். மாதக்கணக்கில் இருமல், சளியில் இரத்தம். காசநோய் என்றே பலமுறை தவறாக எண்ணப்படும். உப்பு, வினாகிரி, தேசிக்காய் எதுவும் இந்தக் கூடுகளைக் கொல்லும் என்று நம்ப முடியாது. நெருப்புத்தான் நம்பகமான வழி. ரசம் கொதிக்கிறதுதானே என்பீர்கள். ஆபத்து ரசத்தில் இல்லை, அம்மியில் இருக்கிறது. பச்சை நண்டு இடித்த அம்மியைச் சும்மா கழுவிவிட்டு அடுத்துச் சம்பல் அரைக்கிறோம். தெறித்த சாறு கையிலும் பக்கத்தில் இருக்கும் ரொட்டியிலும் படுகிறது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் அவித்து, பிறகு இடியுங்கள். சுவை ஒரு துளியும் குறையாது, சாறும் தெளிவாக வரும்.

அரைக் கிலோ நண்டை ஐஸ் தண்ணீரிலோ உறைபெட்டியிலோ அரை மணி நேரம் வைத்தால் மரத்துப்போகும். துடிக்காது, காலையும் உதறாது. வயிற்று மடலைப் பிய்த்து, பின்பக்கம் விரலைக் கொடுத்து மேல் ஓட்டைக் கழற்றுங்கள். இரண்டு பக்கமும் பஞ்சு விரல்கள்போல் இருப்பது செவுள். அதையும் வாய்க்குப் பின்னால் உள்ள சின்னப் பையையும் எறியுங்கள். மஞ்சளாக இருக்கும் ஈரலைக் கடல் நண்டில் விரும்பிச் சாப்பிடுவோம். தோட்டத்து ஓடை நண்டில் வேண்டாம். தேயிலைக்கும் மரக்கறிக்கும் அடிக்கும் மருந்து நண்டில் சேர்ந்தால் அதிகம் தங்கும் இடம் அதுதான். கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவுங்கள்.

ஒன்றரை லீற்றர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கொதித்த பிறகு நண்டைப் போடுங்கள். மறுபடி கொதி வந்ததிலிருந்து 12 முதல் 15 நிமிடம். கொழும்பில் இருப்பவர்கள் 10 நிமிடம் என்பார்கள். அந்தக் கணக்கு மலைக்குச் சரிவராது. 300 மீற்றர் ஏற ஏறத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பாகை முன்னதாகவே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் அது சுமார் 94 பாகை. பானை தளதளக்கிறது என்பதற்காகச் சூடு கூடிவிடாது. உங்கள் ஊரில் 12 நிமிடம் போதும், அதற்கு மேலே இருப்பவர்களுக்கு 15.

வெந்ததை எடுத்து உரலில் நாலைந்து இடி. தூளாக்க வேண்டாம், ஓடு உடைந்தால் போதும். அதே தண்ணீரில் திரும்பப் போட்டு இளந்தீயில் 10 நிமிடம் வைத்து, மெல்லிய துணியில் வடியுங்கள். கம்பி வடிகட்டி போதாது. ஓட்டுச் சில் தொண்டையில் குத்தும். மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மல்லி 1 மேசைக்கரண்டி ஆகியவற்றை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, 8 பல் உள்ளியோடு கொரகொரப்பாக இடித்துச் சாற்றில் போடுங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, நுரை கூடியதும் இறக்க வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் மிளகு கசந்துவிடும். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். நாலு பேருக்குப் போதும். முருங்கை இலை ஒரு பிடி போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு.

தெல்தெனியப் பக்கம் வாங்கிய பெரிய நன்னீர் இறால், பார்க்க அழகாக இருந்தது. சமைத்தால் சதை மாவுபோல் கரைகிறது. பழசா?
– வாசகி, கண்டி

காலையில் பிடித்த இறாலும் மத்தியானத்துக்குள் இப்படி ஆகும். நன்னீர் இறாலின் தலைக்குள் இருக்கும் ஈரலில் வலுவான சமிபாட்டு நொதிகள் உண்டு. உயிர் போனதும் அவை கசிந்து, தலையை ஒட்டிய சதையைத் தின்னத் தொடங்கும். வெயிலில் பையில் கட்டிக்கொண்டு வந்தால் இரண்டு மூன்று மணி நேரமே போதும். கடல் இறாலுக்கும் இது உண்டு, ஆனால் இவ்வளவு வேகமில்லை.

வாங்கும்போது தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். இறுக்கமாக, கண்ணாடிபோல் இருந்தால் எடுக்கலாம். வெள்ளையாக மங்கி, அமுங்கினால் வேண்டாம். வாங்கிய இடத்திலேயே தலையைத் திருகி எடுத்து, இறாலுக்குச் சமமான எடை உடைத்த ஐஸில் புதைத்துக் கொண்டுவாருங்கள். உருகிய தண்ணீர் வடிய வேண்டும். பைக்குள் தேங்கிய ஐஸ் தண்ணீரில் ஊறினால் சதை சப்பென்று ஆகும். கொடுக்கு நீண்ட ஆண் இறால் கண்ணுக்குப் பெரிது, ஆனால் எடையில் பாதிக்கு மேல் தலையும் கையும்தான். அதே விலைக்கு நடுத்தர அளவு இறாலே இலாபம்.

சமைக்கும்போது நடக்கும் பிழை இதற்கு நேர்மாறானது. தேசிக்காய்ச் சாற்றில் அரை மணி நேரம் ஊறவைப்பார்கள், புளிப்பில் சதை வெந்து சுண்ணாம்புபோல் ஆகும். உப்பும் மஞ்சளும் 10 நிமிடம் போதும். பால் கொதித்துக் கறி கூடிய பிறகு இறாலைப் போட்டு 4 நிமிடத்தில் இறக்குங்கள். தேசிக்காய் இறக்கிய பிறகு.

நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் சமையலில் இருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன், அங்கே கிரேபிஷ் உண்டு என்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை எவை?
– வாசகர், நானுஓயா

முதல் விதி: உயிரோடு இருப்பதை மட்டும் சமையுங்கள். பெட்டியைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து, அசையாததை எறியுங்கள்.

சேற்றில் வாழ்வதால் குடல் நிறைய மண் இருக்கும். உப்பு நீரில் போட்டால் மண் கக்கிவிடும் என்று அங்கேயும் சொல்பவர்கள் உண்டு. அதனால் குடல் காலியாகாது, வெளிப்புறச் சேறுதான் போகும். ஓடும் சுத்தமான தண்ணீரில் ஒரு நாள் இரை போடாமல் வைப்பதே வழி. அவசரமானால் குடலை உருவலாம்: வால் விசிறியின் நடு இதழைப் பிடித்து இடமும் வலமும் ஒரு திருகு, பிறகு நிதானமாக இழுப்பு. கறுப்பு நூல்போல முழுதாக வந்துவிடும். வேகமாக இழுத்தால் பாதியில் அறும். மரத்துப்போன பிறகே இதைச் செய்யுங்கள். அதற்கு, உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்ததில் குறைந்தது 20 நிமிடம் வைக்க வேண்டும்.

அவிப்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு. சுவீடனில் ஓகஸ்ட் மாதம் கிரேபிஷ் விருந்து ஒரு திருவிழா மாதிரி. பூத்த சோயிக்கீரைத் தண்டுகளை உப்புத் தண்ணீரில் போட்டு அவித்து, அதே தண்ணீரில் ஒரு இரவு ஊறவிட்டுக் குளிராகப் பரிமாறுவார்கள். லீற்றருக்கு 50 கிராம் உப்பு அளவில் தொடங்குங்கள். அமெரிக்காவின் லூசியானாவில் கொதித்த மசாலாத் தண்ணீரில் மூன்று நிமிடம் அவித்து, அடுப்பை அணைத்து, மூடி 15, 20 நிமிடம் ஊறவிடுவார்கள். காரம் அந்த ஊறலில்தான் ஏறுகிறது. கொதிக்கவிட்டுக்கொண்டே இருந்தால் வால் ரப்பராகும்.

அளவில் ஏமாறாதீர்கள். ஒரு கிலோ முழுக் கிரேபிஷில் உரித்த வால் சதை 150 கிராம் அளவுதான் தேறும். ஆளுக்கு முக்கால் கிலோவுக்குக் குறைத்தால் மேசையில் முகம் வாடும்.

மீன் தொட்டிக்கு என்று நீல நிறக் கிரேபிஷ் கிடைத்தால் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் உள்ள குட்டையில் வளர்த்துச் சாப்பிடலாமா?
– வாசகர், வெலிமடை

வேண்டாம். பெரிய ஆற்று இறால் தப்பினாலும் கழிமுக நீர் இல்லாமல் பெருகாது. கிரேபிஷ் நன்னீரிலேயே பெருகும். குஞ்சும் தாயின் வாலடியில் ஒட்டிக்கொண்டே வளரும். மழை இரவில் தரையில் நடந்து அடுத்த கானுக்குப் போகும், வரப்பில் வளை தோண்டும். மடகஸ்காரில் பரவிய பளிங்குக் கிரேபிஷுக்கு ஆணே தேவையில்லை. ஒரே ஒரு பெண் தப்பினால் போதும்.

குளிர் தடுத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். கென்யாவின் நைவாஷா ஏரி ஏறத்தாழ நுவரெலியாவின் உயரத்தில்தான் இருக்கிறது. 1970இல் அமெரிக்கச் சிவப்புக் கிரேபிஷை அங்கே விட்டார்கள். ஏரியின் நீலாம்பலும் நீர்ச்செடிகளும் அதற்கு இரையாயின. நம் ஓடையில் வந்தால் கல்லடியில் இருக்கும் நண்டோடுதான் இடத்துக்குப் போட்டி போடும்.

ஏற்கனவே வாங்கி வைத்திருந்தால், வேலி போட்ட குட்டையைவிட மூடி போட்ட கண்ணாடித் தொட்டி நல்லது. மூடிக்கு மேல் பாரமும் வேண்டும், காற்றுக் குழாய் வழியாகவே ஏறிவிடும். வளர்க்க முடியாத நாள் வந்தால் ஒரு இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்துப் பிறகு மண்ணில் புதையுங்கள். தொட்டித் தண்ணீரையும் கானில் ஊற்றாமல் காய்ந்த தரையில் ஊற்றுங்கள். கண்ணில் படாத சின்னக் குஞ்சு அதில் இருக்கலாம்.